டயர் கடை ஈயம்

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு டயர் கடை வாசல். வீல் பேலன்ஸுக்குச் சக்கரத்தில் அடித்து, பின்பு கழற்றிப் போட்ட பழைய எடைக்கட்டிகள் நிறைந்த வாளிக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறான் ரெனீஷ். வலையின் அடிக்கயிற்றில் கட்ட ஈயமணி வார்க்க வேண்டும். விசா கொடுத்த படகு முதலாளியான கஃபீலுக்கு மீன் வேண்டும், ஈயம் வாங்கித் தரத்தான் மனசில்லை. இவனுக்கோ புது ஈயம் கட்டுப்படியாகாது. வாளியில் இரும்பும் கலந்து கிடக்கிறது. கடலில் செய்கிற பழக்கத்தில் ஒரு கட்டியை எடுத்துக் கடித்துப் பார்க்கிறான். பல் பதிந்தால் ஈயம். "துப்புங்க," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் மனைவி ஜோஸ்மி. அவள் நர்ஸ், ஏழு மாதக் கர்ப்பிணி. "வெஷத்தக் கடிச்ச வாயோடயா பிள்ளைய முத்துவீங்க?" அவன் துப்புகிறான். "ரூமுல உருக்க மாட்டேன் பிள்ள. கரையில வச்சுத்தான்." "குளிக்காம வந்தா கதவு தெறக்க மாட்டேன்." பாட்டிலைச் சரித்து அவன் வாயைக் கொப்பளிக்க வைக்கிறவள், சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "உதைக்குது." தொட நீட்டிய தன் கையின் ஈயக் கறுப்பைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான் ரெனீஷ். காதை மட்டும் அவள் வயிற்றருகே கொண்டுபோகிறான். சாய்ந்த வெயிலில் புழுதி பொன்னாகப் பறக்கிறது. கடைக்குள் காற்றடிக்கும் மெஷின் உறுமுகிறது. "கேக்குதா?" என்கிறாள். "ஒண்ணும் கேக்கல," என்கிறான், காதை எடுக்காமல்.