கடைக்குட்டியின் வழக்கு

"எதிர்த்தரப்பு தயாரா?"

"தயார்."

கூண்டில் நிற்பவள்போல் அவள் மரச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினேழு வயது. இன்று சொல்லப்போகும் தீர்ப்புதான் இனி அவள் வாழ்க்கை.

நீதிபதி மேசையைத் தட்டினார். தட்டியது மரக்கரண்டியால். அவள் பிடித்திருந்தது சாப்பாட்டு நாற்காலியின் முதுகு.

அந்த வீட்டில் நான்கு தலைமுறையாக எல்லாரும் வக்கீல்கள். வீட்டு விவகாரம் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த மேசையிலேயே வழக்காக நடக்கும். நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா சொல்வதே தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது; அழுகை சாட்சியம் ஆகாது. இந்த ஒழுங்கு இருந்ததால்தான் அந்தக் குடும்பத்துச் சண்டை ஒருநாளும் தெருவுக்கு வந்ததில்லை.

இன்றைய வழக்கு கடைக்குட்டியுடையது. அவளுக்குச் சட்டம் படிக்க விருப்பமில்லை. தெருமுனை பேக்கரியில் சேர்ந்து ரொட்டி போடக் கற்றுக்கொள்ள வேண்டும். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாகப் பேக்கரிக்காரர் சொல்லியிருந்தார்.

"ரொட்டியா!" எதிர்த்தரப்பு வக்கீலான அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "வாசல்ல பித்தளை போர்டுல நம்ம பேரெல்லாம் வரிசையா இருக்கே, அதுக்குக் கீழ 'இங்கு சூடான பன் கிடைக்கும்'னு எழுதிடலாமா?"

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டார். சுவரில் கறுப்பு அங்கியோடு மாட்டியிருந்த தாத்தாக்கள் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர்கள் எப்போதுமே சிரித்ததில்லை.

"நானும் இதே இடத்துல நின்னவதான்டீ," என்றாள் அத்தை. "நர்ஸாகப் போறேன்னு ஒரு மணி நேரம் வாதாடினேன். 'இவ்வளவு பேசுறவளை வேற எங்க அனுப்புறது'ன்னு எங்கப்பா சட்டம் படிக்க வெச்சுட்டார். இன்னிக்கு எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன் வாதத்தைச் சொல்லும்மா," என்றார் பெரியப்பா.

கடைக்குட்டி வாயைத் திறந்தாள். "எனக்கு... வந்து... மாவு..."

"மாவுக்கு என்ன?"

"மாவு பி... பிசையறது பிடிக்கும்."

"பிடிக்கிறதெல்லாம் காரணம் ஆயிடுமா?"

"ஆகாது அத்தை."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வாரமா கதவைச் சாத்திக்கிட்டுக் கண்ணாடி முன்னால ஒத்திகை பார்த்தியேடி! அதைச் சொல்லித் தொலையேன்!"

"ம... மறந்துடுச்சும்மா."

அம்மா ஓடிப்போய்த் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். காலையில்தான் போட்ட வெள்ளை மேசைவிரிப்பாயிற்றே என்று அவளுக்குக் கவலை. ஆனால் கடைக்குட்டி ஒரு சொட்டும் சிந்தாமல் வாங்கிப் பாதியைக் குடித்தாள். மீதியோடு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சரி, வக்கீல் வேலையில உனக்கு என்னதான் ஆட்சேபணை?" என்று மறுபடி ஆரம்பித்தாள் அத்தை.

"ஆட்சே... ஆட்சேபணை இல்ல. பயம்."

"யாரைப் பார்த்து?"

"எல்லாரையும்." குரல் பாதியில் அறுந்து போயிற்று.

அடுத்த கேள்விக்கு வாயெடுத்த அத்தை கேட்காமல் நின்றாள். எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணையில் உருட்டி எடுத்தவள், அண்ணன் மகளைப் பார்த்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் வழக்கை வாபஸ் வாங்கிக்கிறேன். நாளைக்கு இவ கோர்ட்ல இப்படி நின்னா நம்ம பரம்பரைப் பேரே சிரிப்பாச் சிரிச்சுடும். ரொட்டியே சுடட்டும். கருகினாலும் அடுப்போட போகும்."

அப்பா பெருமூச்சு விட்டார். "வீட்டுக்குள்ள வாய் கிழியப் பேசுவா. சபைன்னு வந்தா இவ்வளவுதான் போல. எனக்கும் சம்மதம் அண்ணே. குடும்ப மானமாவது மிஞ்சட்டும்."

கடைக்குட்டி தலை நிமிரவில்லை. ஓரக்கண்ணால் சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். பேக்கரி இன்னும் திறந்துதான் இருக்கும்.

பெரியப்பா உடனே கரண்டியைத் தட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவளைப் பார்த்தார். பிறகு, மேசைவிரிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"சட்டக் கல்லூரி," என்றார். கரண்டி மேசையில் இறங்கியது.

கடைக்குட்டியின் கையிலிருந்த டம்ளர் ஆடித் தண்ணீர் சிதறியது. வெள்ளை விரிப்பு நனைந்தது.

"என்ன அண்ணே இது அநியாயம்!" அத்தை பதறி எழுந்தாள். "நாலு வார்த்தை கோர்வையாப் பேச வராத பொண்ணு!"

"நீ பேசி மாட்டிக்கிட்ட. இவ பேசாமலே நம்ம எல்லாரையும் ஜெயிக்கப் பார்த்தா."

பெரியப்பா நனைந்த விரிப்பைக் கரண்டியால் சுட்டிக்காட்டிவிட்டு, கடைக்குட்டியின் பக்கம் திரும்பினார்.

"வாய் அப்படிக் குளறினப்போ, இந்தக் கை ஏம்மா நடுங்கல?"