இரண்டு பேருக்கு ஓர் அறை

விடுதி வாசலில் மீட்டர்க்காரரின் மனைவி நின்றுவிட்டாள்.

பையோடு முன்னால் படியேறிய அவர் திரும்பிப் பார்த்தார்.

"வேற இடம் பாக்கலாங்க," என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் தன்னோடு குடித்தனம் நடத்தியவள். காசுப் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"பணத்தப் பத்தி நீ கவலப்படாத. கடலப் பாத்த ரூம்தான் எடுக்கப்போறோம்."

சொன்ன பிறகு, வேறு யாரோ பேசியது போல அவருக்கே இருந்தது.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுவது அவர் வேலை. ஊரார் வீட்டு எண்கள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டில் விசிறி சுற்றினாலே நெஞ்சு படபடக்கும்.

பிறவிக் கஞ்சன் இல்லை. பத்து வயதில் ஒரு மத்தியானம், வாடகை பாக்கிக்காக வீட்டுச் சொந்தக்காரர் இவர்கள் பாத்திரங்களைத் தெருவில் எடுத்துவைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அந்தப் பயம் இன்னும் வயிற்றை விட்டுப் போகவில்லை.

அதனால் எதற்கும் அவரிடம் ஒரே பதில்தான்: பாக்கலாம்.

கல்யாணமான புதிதில், ஒரு தடவை கடல் பார்க்க வேண்டும் என்று மனைவி கேட்டாள். பாக்கலாம் என்றார். மகன் பிறந்த பிறகு கேட்டாள். பாக்கலாம். அப்புறம் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். தையலில் சேர்த்த காசில் வருஷத்துக்கு ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவாள். அந்த நாலு நாளும் கரண்டு மிச்சம் என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

போன மாதம் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே செத்துப்போனார். அவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்தான். பிணம் வீட்டுக் கூடத்தில் கிடக்க, பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே அலமாரியைக் குடைந்துகொண்டிருந்ததை இவர் கண்ணால் பார்த்தார்.

மறுநாளே பேங்குக்குப் போனார். பணம் எடுக்கும் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"கடலுக்குப் போறோம்," என்றபோது மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். பிறகு சரி என்றாள். சந்தோஷத்தில் திகைத்துப்போனாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். விசாரித்து நல்ல விடுதியாகப் பார்த்து, வாசல் வரும்வரை பெயரைக்கூடச் சொல்லாமல் கூட்டிவந்திருந்தார்.

இப்போது அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கை சில்லென்று இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். பார்வை அவரைத் தாண்டிப் போனது.

"வாங்கக்கா. இந்த வருஷம் சீக்கிரமே வந்துட்டீங்க. உங்க மாடி ரூம் காலியாத்தான் இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழைய விவரத்தையே எழுதிக்கறேன்," என்று அந்தப் பெண் பேரேட்டில் போன வருஷத்துப் பக்கத்தைப் புரட்டினாள்.

மனைவியின் உருண்டை எழுத்து. பெயர், ஊர், எல்லாம் சரி. தங்குபவர் ஒருவர், நாலு நாள் என்று இருந்தது. கணவர் பெயர் என்ற கட்டத்திலும் அவர் பெயர்தான், தலைப்பெழுத்தோடு.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை: காலஞ்சென்ற.

அந்தப் பெண் பேனாவை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு நீங்க என்ன வேணும் சார்?"

அவர் பையைக் கீழே வைத்தார். மனைவி இப்போது சாவிகளை விட்டுவிட்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.