கதவுக்கு வெளியே தம்பி

சொந்தக்காரர்கள் மாறி மாறிக் கூப்பிட, விடாமல் அடித்துக்கொண்டிருந்த போனை அக்கா முருகலட்சுமியின் கையிலிருந்து பிடுங்கி, அணைத்து, தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான் ராஜபாண்டி.

“இனிமே ஒங்கிட்ட யாரும் பேசக்கூடாது. டாக்டரம்மா கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

இந்த மதுரை ஆஸ்பத்திரியில் இன்று முருகலட்சுமி கையெழுத்துப் போட்டால், அடுத்த வாரம் அவளுடைய கிட்னி ஒன்று தம்பிக்குப் போய்விடும். இரண்டு வருடமாக டயாலிசிஸில்தான் அவன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் ஊரான பரளச்சியில் சொந்தபந்தம் மொத்தமும் கூடிப் பேசி முடித்துவிட்டது. கிட்னி யாருடையதோ அவளை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஒம் பிள்ளைகள மடியில ஒக்கார வச்சுக் காது குத்துன தாய்மாமன்டி அவன். அவனுக்கு இல்லாத கிட்னி ஒனக்கு எதுக்கு?” என்றாள் அம்மா தங்கத்தாய்.

முருகலட்சுமியின் புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான். தனக்கும் ஒன்று ஆகிவிட்டால் என்ற பயத்தில் அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். துணைக்கு வந்து, இப்போது கூடவே எழுந்த அம்மாவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தான் ராஜபாண்டி. “அவ மட்டும் போகட்டும்.” பிறகு வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து, கதவை அடைத்தாற்போல் நின்றுகொண்டான். தான் ஓடிவிடாமல் இருக்கக் காவல் என்று நினைத்தாள் அவள்.

டாக்டர் சுகப்பிரியா படிவத்தை நீட்டினார். “இங்க பேசுறது நமக்குள்ளதான்மா. உங்களுக்கு மனசார சம்மதமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்.”

முருகலட்சுமி பேனாவை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

“எனக்கு மனசு இல்ல டாக்டரம்மா. நான் பாவி.” அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. “ஆனா வெளிய தெரிஞ்சா எங்க ஆளுக கரிச்சுக் கொட்டியே என்னையக் கொன்னுருவாக. என் கிட்னி சேராதுன்னு நீங்களே சொல்லிருங்க. தம்பிக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது.”

டாக்டர் கண்ணாடிக் கதவில் தெரிந்த ராஜபாண்டியின் முதுகைப் பார்த்தார்.

“அப்படியே சொல்லச் சொல்லி, போன வாரமே உங்க தம்பி வந்து என் கையப் பிடிச்சுக் கெஞ்சிட்டுப் போனாரும்மா.”