நடு மேசை

றிஹானாவின் வீட்டு அறையில் இரண்டு மின்விளக்குகள். இரண்டும் ஒளியாலேயே கணினிக்கு ஒரே படத்தை அனுப்பும். தனித்தனியே சரியாக வேலை செய்தன. இரண்டின் ஒளியும் சேர்ந்து விழும் நடு மேசையில் மட்டும் படம் சிதறியது. நாளை கம்பஸிலிருந்து பார்க்க வருகிறார்கள். அப்போதும் சிதறினால் அவளுடைய ஆய்வு நின்றுவிடும். கூட ஆய்வு செய்யும் றூபனிடம் திரும்பினாள்.

“றூபன், நேற்று நீர்தான் இங்கை தனிய நிண்டனீர்.”

“ஓம். அதுக்கு?”

“என்ரை ஆய்வு விழுந்தால் உம்மடைதானே எடுபடும்.”

அவன் ஒரு விளக்கைக் கையால் மறைத்தான். படம் தெளிந்தது.

“ஒண்டின்ரை படம் மற்றதுக்குப் பிந்தி வருது. வயர் நீளம். ஆர் இழுத்தது?”

“வாப்பா.”

றூபன் ஏணியில் ஏறிச் சீலிங் பலகையைத் தள்ளினான். ஒரு விளக்கின் வயர் முழுச் சுருளாக, வெட்டப்படாமல் கிடந்தது.

“ஏன் வாப்பா வெட்டேல்லை?” றிஹானா கேட்டாள்.

வாசலில் நின்ற அவள் தந்தை அப்துல் மஜீத் மேலே பார்த்தார். “கழட்டிக்கொண்டு போறதெண்டால் முழுசா இருக்கவேணும்.”

“தொண்ணூறிலை இயக்கம் எங்கடை முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னது பழங்கதை வாப்பா.”

“அண்டைக்கும் ஒருத்தரும் முதலே சொல்லேல்லை, பிள்ளை.”

றூபன், வயரை வெட்டக் கையில் எடுத்திருந்த குறட்டைத் திரும்பப் பையில் வைத்தான்.

“இதே மாதிரி இன்னொரு சுருள் இருக்கோ, அங்கிள்? மற்ற லைட்டுக்கும் பூட்டுவம். ரெண்டும் ஒண்டாப் பிந்தினால் பிழையில்லை.”