பிறகு நினைவூட்டவா?

"யாருடி இதை அழுத்தினது? உண்மையைச் சொல்லு ஷம்ஸா!"

கௌலா போட்ட சத்தத்தில் தங்கையின் கையிலிருந்த கஹ்வா காப்பி தளும்பியது. கம்ப்யூட்டர் திரையில் மணப்பெண்ணின் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு நீலப் பெட்டி நின்றது. 'புதிய பதிப்பு தயார். இப்போதே மாற்றவா? பிறகு நினைவூட்டவா?' சில நாளாகவே உயிரை எடுத்துக்கொண்டிருந்த பெட்டிதான். இன்று அதன் கீழே ஒரு வரி கூடியிருந்தது: 'இன்று மாலை தானாகவே மாற்றப்படும்.'

"நான் எதையும் தொடலைக்கா. அதுவா வந்திருக்கும்."

"அதுவா வரும், அதுவா அழுத்திக்கும், நாம ரெண்டு பேரும் கைதட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும், அப்படித்தானே?"

கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் படமெடுப்பதுதான் அக்கா தங்கை இருவருக்கும் தொழில். ஷம்ஸா கேமராவோடு போவாள். கௌலா ஓமானின் நிஸ்வா நகரில் இந்த மாடி அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். வெட்டி ஒட்டும் சாப்ட்வேர் அரதப் பழசு. கம்ப்யூட்டர் புதுப் பதிப்புக்கு மாறிவிட்டால் அது திறக்கவே திறக்காது என்று ரிப்பேர்க்கார ஃபாயிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாலை மஃரிப் தொழுகை முடிந்ததும் பெண்ணின் அம்மா உம்மு ஹமத் படத்தை வாங்க சூர் நகரிலிருந்து வருகிறாள். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்குள் வரும் கடைசிப் பகுதி இன்னும் பாக்கி. கௌலா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"மாறினா மாறட்டும்க்கா. கேமரா மெமரி கார்டைக் கொண்டுபோய் மஸ்கட்ல யார்கிட்டயாவது குடுத்து முடிச்சுக்கலாம்."

"மூளை கீளை கழண்டுபோச்சா உனக்கு? முக்காடு இல்லாம ஆடிப் பாடின பொம்பளைங்க படம்டி! அதை ஊரான் கையில குடுத்துட்டு, அப்புறம் எந்த முகத்தோட இன்னொரு கல்யாண வீட்டுக்குள்ள போவோம்?"

அதுவும் சரிதான். இந்த ஊரில் அவர்கள் சம்பாதித்தது அந்த நம்பிக்கை ஒன்றைத்தான். பெண்கள் பக்கம் யாரைப் படமெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. அவர்கள் கேட்பதும் இல்லை.

"அப்ப மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுவோம்," ஷம்ஸா விடவில்லை. "இல்லைன்னா கடைசிப் பகுதியை நானே பண்றேன். நீ போய்ப் படு. கண்ணெல்லாம் சிவந்திருக்கு பாரு."

"போன தடவை நீ வெட்டின லட்சணத்துல மணப்பெண்ணுக்குத் தலையே இல்லை. பேசாம இரு."

கௌலா ஃபாயிஸுக்குப் போன் போட்டாள். கீழே தெருவில்தான் இருந்தார்.

"மேல வந்துடாதீங்கண்ணே, திரையில பொம்பளைங்க இருக்காங்க. போன்லயே சொல்லுங்க. இந்தப் பெட்டி இனிமே ஜென்மத்துக்கும் வரக்கூடாது."

"நான் என் மாமியாரையே நிமிர்ந்து பார்க்கிறதில்லைம்மா, அங்க வந்து என்ன பண்ணப்போறேன்? நெட்டைப் பிடுங்கிட்டியா?"

"அதை அப்பவே பிடுங்கிட்டேன். அப்படியும் போகலை."

"போகாது. புதுப் பதிப்பு ஏற்கெனவே உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கு. பதறாதே. 'பிறகு'ன்னு இருக்கிறதை அழுத்து. அழுத்திட்டு செட்டிங்ஸுக்குப் போ."

கௌலா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மவுஸைத் தேடினாள். மவுஸ் ஷம்ஸாவின் கையில் இருந்தது. திரையில் அம்புக்குறி 'இப்போதே' என்ற பொத்தானை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏய்!"

கௌலா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "என்னடி ஆச்சு உனக்கு? என் பொழைப்புல மண்ணள்ளிப் போடறதுல உனக்கென்ன சந்தோஷம்?"

ஷம்ஸா கையை உருவிக்கொண்டாள். சுவரோடு போய்ச் சாய்ந்துகொண்டாள்.

"அம்மாடி, அங்க என்ன சண்டை?" என்றார் ஃபாயிஸ்.

"ஒண்ணுமில்லைண்ணே. சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல, கௌலா ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு இடத்தில் தப்பான பக்கம் வந்து நின்றது. திரும்பிப் போனால் கம்ப்யூட்டர் மூச்சுப் பேச்சில்லாமல் உறைந்தது.

"யா ரப், இந்த ஒரு படம் முடியட்டும்," என்று முணுமுணுத்தாள். பிறகு தங்கையைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "கோவிச்சுக்காதே ஷம்ஸா. ஷவ்வால் மாசம் எனக்கும் மாஜித்துக்கும் நடக்கப்போற கல்யாணத்தையும் நீதானே எடுக்கணும்? அவர் சலாலா மலையில வேலை முடிஞ்சு வரட்டும், உனக்குப் புதுக் கம்ப்யூட்டரே வாங்கித் தரச் சொல்றேன்."

"அவர் போன் பண்ணினாரா?" ஷம்ஸா திரையைப் பார்க்காமல் கேட்டாள்.

"மலையில சிக்னல் எங்க கிடைக்குது, பாவம்."

திரை மறுபடி உயிர் பெற்றது. ஃபாயிஸ் சொன்ன வரியைத் தேடிப்பிடித்து, 'முடக்கு' என்பதை அழுத்தினாள். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாள். நீலப் பெட்டி வரவில்லை.

"வரலைண்ணே! போயிடுச்சு!"

"இனிமே வாயே திறக்காது. உன் வேலையைத் தடுக்க ஆளே இல்லை, நிம்மதியா முடி," என்று சொல்லிப் போனை வைத்தார் ஃபாயிஸ்.

கௌலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கடைசிப் பகுதியைத் திறந்தாள்.

"வேண்டாம்க்கா," என்றாள் ஷம்ஸா. அவள் கன்னமெல்லாம் கண்ணீர். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அதைப் பார்க்காதே."

திரையில் மேளச் சத்தத்தோடு மண்டபக் கதவு திறக்க, பெண்கள் அவசர அவசரமாக அபாயா அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அதுவரை ஆடாமல் அசையாமல் ஓடிவந்த ஷம்ஸாவின் கேமரா அந்த இடத்தில் மட்டும் சரிந்து தரையைக் காட்டியது. அது மறுபடி நிமிர்ந்தபோது, மாப்பிள்ளைக் கோலத்தில் மணப்பெண்ணின் நெற்றியில் கைவைத்து துஆ ஓதிக்கொண்டிருந்தார் மாஜித்.