ஐந்தாவது தடவை

ஐந்தாவது தடவையாகப் பென் டிரைவைச் செருகினாள்.

பால் சங்கத்துக் கம்ப்யூட்டர் முனகியது. அதற்கு இன்டர்நெட் கிடையாது. அவள் எழுதிய நிரல் ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ, அத்தனையையும் அவளே கட்டுச்சோறு போலக் கட்டிக்கொண்டு வர வேண்டும்.

அவளுடைய லேப்டாப்பில் ஜோராக ஓடுகிறது. இங்கே வந்தால்தான் இந்த வீம்பு.

முதலில் மாட்யூல் என்கிற துணை நிரல் ஒன்றைக் காணோம் என்றது திரை. அதைச் சேர்த்து மறுபடி தொகுத்தாள். இன்னொன்று எங்கே என்றது. அதையும் சேர்த்தாள். அந்த இரண்டாவதற்குத் துணையாக மூன்றாவது ஒன்று வர வேண்டுமாம். அதையும் தேடிப் பிடித்துச் சேர்த்தாள்.

நான்காவதாகக் கேட்டதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அது அவளே எழுதியது. பால் சோதிக்கும் மிஷினிலிருந்து, பாலின் விலையைத் தீர்மானிக்கிற கொழுப்பு அளவை நேராக வாங்கித் தருகிற நாற்பது வரி. ஊர் உலகத்தில் யார் யாரோ எழுதியதையெல்லாம் பட்டியலில் சேர்த்தவள், தன்னுடையதைச் சேர்க்க மறந்திருந்தாள். இந்தத் தடவை அதுவும் உள்ளே இருந்தது.

செயலாளர் மரியதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குப் பால் ஊற்ற வந்துவிடுவார்கள். இன்றைக்கும் ஓடாவிட்டால் பழையபடி நோட்டுதான் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

நோட்டு என்றால் மிஷின் காட்டுவது ஒன்று, அவர் எழுதுவது ஒன்று. ஊருக்கே தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

இரண்டு முறை கிளிக் செய்தாள்.

திரை சற்று நேரம் வெறுமையாக நின்றது.

பிறகு திறந்தது. எதையும் காணோம் என்று சொல்லவில்லை.

அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நன்றாக நிமிரட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியே வரிசை சேர்ந்திருந்தது. முதல் ஆளாகக் கேனோடு நின்றவன் அவள் கணவன். ஒரு கரண்டிப் பால் மிஷினுக்குள் போனது. யார் கையும் படாமல் சீட்டு வெளியே வந்தது.

கொழுப்பு 3.4.

மரியதாஸ் சீட்டை இரண்டு தடவை படித்தார். சங்கத்தின் பழைய தலைவர் வீட்டு மருமகள் அவள். அந்த வீட்டுப் பாலுக்கு அவர் நோட்டில் ஒருநாளும் நாலரைக்குக் குறைத்து எழுதியதில்லை.

நிரலை எழுத உட்கார்ந்த அன்றைக்கே அவளுக்கு இது தெரியும்.

அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"இத மட்டும் நாலரைன்னு திருத்திப் போட்ருவமா, தாயி?"

கணவன் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"திருத்துறதுக்கு அதுல எடமே வைக்கல அண்ணாச்சி."

அவள் தாழ்த்திப் பேசவில்லை. கடைசியில் நின்றவருக்கும் கேட்டது.

சீட்டைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கேனுக்குக் கை நீட்டினாள்.