முன் பெஞ்ச்

முன் பெஞ்சில் யாரும் இல்லை. அங்கே சாய்த்து வைத்திருந்த சின்னத் திரையில் மட்டும் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: 'ஆற்று மணல் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகி, பாறையாகிறது.'

ஓரத்தில் உட்கார்ந்து அதை அடித்துக்கொண்டிருந்தவளை வகுப்பே டைப்பிங் அக்கா என்று கூப்பிடும். காது கேளாத ஒரு மாணவிக்காகப் பல்கலைக்கழகம் அவளை வேலைக்கு வைத்திருந்தது. வகுப்பில் யார் என்ன பேசினாலும், கேட்ட கையோடு எழுத்தாக்கி அந்தப் பெண்ணின் திரைக்கு அனுப்ப வேண்டும்.

அந்தப் பெண் திரையை ஒருநாளும் நேராக வைத்ததில்லை. பாதி மேடைப் பக்கம் திருப்பி வைத்து, கழுத்தை வளைத்துத்தான் படிப்பாள். ஜன்னல் வெளிச்சம் படுகிறது போலும் என்று நினைத்து, அக்கா ஏன் என்று கேட்டதில்லை.

போன மாதம் அந்தப் பெண் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

துறைத் தலைவர் வகுப்புக்கு வந்து செய்தி சொன்னபோது, அக்காவின் விரல்கள் அதையும் அடித்தன. 'நம் மாணவி இன்று காலை காலமானார்.' காலமானவளின் திரையிலேயே அந்த வரி வந்து நின்றது. அக்காவுக்கு அழுகை வரவில்லை. அடுத்த வரி என்னவென்று காத்திருந்தாள்.

வகுப்பு முடிந்து திரையை எடுக்கப் போனவளைப் பேராசிரியர் தடுத்தார்.

"அது அங்கயே இருக்கட்டும்மா. நீங்களும் எப்பவும் போல வாங்க."

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பாறை சார். நடத்துவது பாறைகளைப் பற்றி; முகமும் அப்படித்தான், சிரித்துப் பார்த்தவர் கிடையாது. குரல் மட்டும் வரவர ஓங்கிக்கொண்டே போனது. பக்கத்து வகுப்புக்கும் சேர்த்தே பாடம் நடத்துகிறார் என்று பையன்கள் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர், யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்லும் முன் அந்தக் காலி இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சொந்தப் பொண்ணு மாதிரி நெனச்சிருக்கார் போலடி," என்றாள் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம். அதிலிருந்து அந்த பெஞ்சில் யாரும் பைகூட வைப்பதில்லை.

ஒருநாள் சார்ஜ் தீர்ந்து, பாதி வகுப்பில் திரை அணைந்தது. கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, வழக்கம்போல, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்றான்.

பாறை சார் காலி பெஞ்சையே பார்த்தபடி நின்றார். வகுப்பு காத்திருந்தது. "இன்னிக்கு இது போதும்," என்று சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போனார். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்டவனை மற்றவர்கள் முறைத்தார்கள்.

அக்காவுக்கு எதுவும் ஒட்டவில்லை. காதில் விழுவது விரல் வழியாகப் போய்விடும். நடுவில் எங்கும் தங்காது. வீட்டில் அம்மா போனில் யாரோடாவது பேசினால்கூட, சாப்பாட்டு மேஜையில் அவள் விரல்கள் தாமாக ஆடின.

மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவின் பொறுப்பாளர் அவளை அழைத்தார்.

"வேதியியல்ல ஒரு பையன் சேந்திருக்கான். அவனுக்கும் காது கேக்காது. டைப் பண்ண ஆள் இல்லாம, வகுப்புக்கு வந்து பொம்மை மாதிரி உக்காந்துட்டுப் போறான். நீ அங்க போயிடு."

"பாறை சார் விடமாட்டேங்கறாரே மேடம்."

"அவர் துக்கம் அவருக்கு. உயிரோட இருக்கற புள்ளைய யாரு பாக்கறது? இன்னிக்கே சொல்லிடு."

வகுப்பு கலையும்வரை தன் இடத்திலேயே காத்திருந்தாள். பாறை சார் முதுகைக் காட்டிக்கொண்டு போர்டை அழித்துக்கொண்டிருந்தார்.

"சார், நாளைலேந்து நான் வரமாட்டேன்," என்றாள்.

அவர் அழித்துக்கொண்டே இருந்தார். மறுபடி, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். தலைகூடத் திரும்பவில்லை.

ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குக் கோபம் மாதிரி ஏதோ வந்தது.

"காலி பெஞ்சுக்கு எத்தனை நாள் சார் அடிச்சிட்டிருக்கறது? அவ இல்ல சார். வேதியியல்ல ஒரு பையன் காத்துட்டிருக்கான், அவனுக்கு ஆள் இல்ல."

பேசப் பேச, பழக்கதோஷத்தில், விரல்கள் அதையும் அடித்துவிட்டன.

போர்டை அழித்து முடித்துத் திரும்பியவரின் கண் நேரே பெஞ்சுக்குப் போனது. திரையில் இருந்ததைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். டஸ்டரை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"போங்கம்மா," என்றார். "அந்தப் பையனுக்குத்தான் முதல்ல வேணும். நானே உங்கள அனுப்பியிருக்கணும். மனசு வரல."

மேடையிலிருந்து இறங்கி வந்து, அந்தப் பெண் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இனிமே நானும் வர முடியாது. நாளைக்கு ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்."

அக்கா அதையும் அடித்தாள்.

"அவ ஒருத்திதான் கண்டுபிடிச்சா," என்றார். "கண்டுபிடிச்சும் யார்கிட்டயும் மூச்சு விடல."

"என்னத்த சார் கண்டுபிடிச்சா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டது எழுத்தாக வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எனக்குக் காது கேக்காதுன்னு."